10 நாளில் ஜாவாஸ்கிரிப்ட், 11 நாளில் போன பதவி: 1,000 டாலர் நன்கொடையால் மோசில்லா சிஇஓ விலகியது ஏன்?

இந்தப் பக்கத்தை உங்கள் போனில் திறந்ததும் மெனு விரிகிறது, படங்கள் நகர்கின்றன, வீடியோ ஓடுகிறது. இதற்கெல்லாம் பின்னால் வேலை பார்ப்பது ஜாவாஸ்கிரிப்ட் என்கிற கணினி மொழி. இன்றைக்கு உலகில் இது இல்லாத இணையதளத்தைத் தேடித்தான் பிடிக்கணும்.

அந்த மொழியை உருவாக்கியவர் பிரெண்டன் ஐக். 1995 மே மாதம், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில், வெறும் 10 நாட்களில் அதன் முதல் வடிவத்தை எழுதிக் கொடுத்தார். அதே மனிதர் 2014-ல் பயர்பாக்ஸ் பிரவுசரை நடத்தும் மோசில்லாவின் தலைமைச் செயல் அதிகாரியாக, அதாவது சிஇஓ-வாக நியமிக்கப்பட்டார். மார்ச் 24-ம் தேதி அறிவிப்பு. ஏப்ரல் 3-ம் தேதி ராஜினாமா. மொத்தமே 11 நாள்.

கணக்கில் மோசடி செய்தாரா? இல்லை. ஊழியர்களிடம் தவறாக நடந்தாரா? அப்படி யாரும் புகார் சொல்லவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால், தன் சொந்தப் பணத்தில் ஓர் அரசியல் பிரசாரத்துக்கு 1,000 டாலர் கொடுத்திருந்தார். அவ்வளவுதான்.

அந்தப் பிரசாரம் எதற்கானது என்று தெரிந்தால்தான் "அவ்வளவுதான்" என்று சொல்லலாமா கூடாதா என்று முடிவு செய்ய முடியும்.

மென்பொருள் உலகில் யாராவது ஒருவர் தன் அரசியல் கருத்தால் சர்ச்சையில் சிக்கினால், இன்றும் முதலில் வரும் பெயர் ஐக். "அவருக்கு நடந்தது அநியாயம்" என்று ஒரு தரப்பு. "பதவிக்கு வந்தால் பதில் சொல்லித்தான் ஆகணும்" என்று இன்னொரு தரப்பு. உண்மையில் என்ன நடந்தது?

அந்த 1,000 டாலர் யாருக்குப் போனது?

கதை தொடங்குவது 2008-ல், அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில். அந்த ஆண்டு மே 15-ம் தேதி, தன்பாலின ஜோடிகளுக்கும் திருமண உரிமை உண்டு என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூன் மாதத்தில் திருமணங்கள் தொடங்கின. பல பத்தாண்டுகளாக ஒன்றாக வாழ்ந்த முதியவர்கள் கூட வரிசையில் நின்று பதிவு செய்தார்கள். நவம்பருக்குள் சுமார் 18,000 ஜோடிகள் திருமணம் செய்துகொண்டதாக மதிப்பிடப்படுகிறது.

ஆனால் கலிபோர்னியாவில், நம் நாட்டில் இல்லாத ஒரு முறை உண்டு. போதிய கையெழுத்துகளைத் திரட்டினால் மாகாண அரசியல் சட்டத்தைத் திருத்துவதற்கே மக்களிடம் நேரடி வாக்கெடுப்பு நடத்தலாம். பாதிக்கு மேல் ஓட்டு விழுந்தால் போதும். அப்படி வாக்குச்சீட்டில் ஏறியதுதான் 'புரொபொசிஷன் 8'. ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் நடக்கும் திருமணம் மட்டுமே செல்லும் என்று அரசியல் சட்டத்தில் ஒரு வரியைச் சேர்க்கணும் என்பதுதான் அதன் கோரிக்கை.

இரு தரப்பும் சேர்ந்து 8 கோடி டாலருக்கு மேல் இறைத்தார்கள். தன்பாலின திருமணத்தைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லித் தருவார்கள் என்று பெற்றோரைப் பயமுறுத்தும் டிவி விளம்பரங்கள் ஓடின. 2008 நவம்பர் 4-ம் தேதி வாக்கெடுப்பு. ஆதரவாக 70 லட்சம், எதிராக 64 லட்சம். 52 சதவீத ஓட்டுடன் புரொபொசிஷன் 8 வென்றது. அதே நாளில் அதே மாகாணம் ஒபாமாவுக்கு 61 சதவீத ஓட்டை அள்ளிக் கொடுத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கணும். அதாவது ஒபாமாவுக்கு ஓட்டுப் போட்ட கையே இதற்கும் போட்டிருக்கிறது.

இதில் கிடைத்த உரிமை ஒன்று பறிபோனது. புதிதாக எதையும் கேட்டு மறுக்கப்பட்ட கதை இது இல்லை. ஜூனில் திருமணம் செய்துகொண்டவர்களின் திருமணம் செல்லுமா செல்லாதா என்பதே அடுத்த மே மாதம் வரை தெரியாமல் இருந்தது. 2009 மே மாதம் நீதிமன்றம், அந்தத் திருமணங்கள் செல்லும், ஆனால் இனிமேல் புதிதாக யாரும் செய்துகொள்ள முடியாது என்றது.

இந்தப் புரொபொசிஷன் 8-க்கு ஆதரவாகப் பிரசாரம் செய்தவர்களுக்குத்தான் ஐக் 1,000 டாலர் கொடுத்தார். அன்றைய மதிப்பில் ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் வரும்.

ரகசியமாகக் கொடுத்தது வெளியே எப்படி வந்தது?

ரகசியமாகக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் முடியாது. கலிபோர்னியா சட்டப்படி, இதுபோன்ற பிரசாரத்துக்கு 100 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தால், கொடுத்தவரின் பெயர், தொழில், எங்கே வேலை செய்கிறார் என்பதெல்லாம் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். பெரிய பணக்காரர்களும் நிறுவனங்களும் திரைமறைவில் இருந்து தேர்தலை விலைக்கு வாங்கக் கூடாது என்பதற்காகப் போட்ட விதி. ஆனால் 100 டாலர் கொடுத்த பள்ளி ஆசிரியரும் அதே வலையில் மாட்டுவார்.

வேலை செய்யும் இடம் என்ற கட்டத்தில் 'மோசில்லா' என்று இருந்தது. இது நிறுவனத்தின் பணம் இல்லை. ஆனாலும் தேடினால் நிறுவனத்தின் பெயரும் சேர்ந்தே வரும். லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழ் இந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும் வகையில் இணையத்தில் போட்டிருந்தது.

இதனால் பாதிக்கப்பட்ட முதல் ஆள் ஐக் இல்லை. 2008 நவம்பரிலேயே, சாக்ரமெண்டோ நகரின் ஒரு பெரிய நாடக நிறுவனத்தின் கலை இயக்குநர், இதே 1,000 டாலர் நன்கொடை வெளியே தெரிந்து பதவி விலகினார். நாடகத் துறையில் தன்பாலின ஈர்ப்பாளர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். "எங்கள் உழைப்பில் சம்பாதித்த பணத்தை எங்களுக்கு எதிராகவே கொடுத்திருக்கிறார்" என்பது அவர்களின் கோபம்.

ஐக் விஷயம் 2012-ல்தான் ட்விட்டரில் வெடித்தது. அப்போது அவர் மோசில்லாவின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி. தன் வலைப்பதிவில் விளக்கம் எழுதினார். நன்கொடை கொடுத்ததை வைத்து மட்டும் எனக்கு யார் மீதோ வெறுப்பு என்று முடிவு கட்டாதீர்கள், இதைப் பற்றி இங்கே விவாதிக்கவும் போவதில்லை என்பது அதன் சாரம். இரண்டு வாரம் சலசலப்பு. பிறகு அடங்கிவிட்டது. அவர் அதே பதவியில் தொடர்ந்தார்.

இந்த இடத்தைக் கவனியுங்க. விஷயம் தெரிந்த பிறகும் இரண்டு வருடம் அவர் மோசில்லாவின் உச்சத் தொழில்நுட்பப் பதவியில் இருந்திருக்கிறார். ஆக, அவர் கருத்துக்காகவே வேலை போயிற்று என்று ஒற்றை வரியில் சொல்லிவிட முடியாது. 2014-ல் புதிதாக ஒன்று நடந்தது. அவருக்குப் பதவி உயர்வு வந்தது.

சிஇஓ ஆனதும் என்ன நடந்தது?

மோசில்லா கொஞ்சம் விசித்திரமான அமைப்பு. மேலே ஒரு லாப நோக்கமற்ற அறக்கட்டளை. அதற்குச் சொந்தமாகக் கீழே ஒரு நிறுவனம். சம்பளம் வாங்கும் ஊழியர்களோடு, உலகம் முழுக்கச் சம்பளமே வாங்காமல் வேலை செய்யும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள். பயர்பாக்ஸ் தமிழில் கிடைக்கிறது இல்லையா? அந்த மொழிபெயர்ப்பே தன்னார்வலர்களின் உழைப்பு. 1998-ல் மோசில்லா திட்டம் தொடங்கியபோது அதைத் தொடங்கியவர்களில் ஐக்கும் ஒருவர். வெளியிலிருந்து வந்த ஆள் கிடையாது, வீட்டுக்காரர்.

காசுக்காக வேலை செய்பவர் மேலாளரின் கொள்கையைச் சகித்துக்கொள்வார். மாதம் பிறந்தால் சம்பளம் வரும். ஆனால் கொள்கைக்காகச் சும்மா வேலை செய்பவர் எதற்குச் சகித்துக்கொள்ளணும்? மோசில்லாவில் சிஇஓ பதவி அமைப்பின் முகம் மாதிரி. இதை இயக்குநர் குழு முன்கூட்டியே யோசித்திருக்கணும். 2012-ல் ஒரு முறை வெடித்த விஷயம் சிஇஓ ஆனதும் மறுபடி வெடிக்காது என்று எந்த நம்பிக்கையில் இருந்தார்கள் என்று இன்று பார்த்தாலும் புரியவில்லை.

அறிவிப்பு வந்த மார்ச் 24-ம் தேதியே முதல் அடி விழுந்தது. ரேர்பிட் என்ற சிறு நிறுவனம், பயர்பாக்ஸ் ஆப் சந்தையிலிருந்து தன் ஆப்பை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. அதை நடத்தியவர்கள் திருமணமான ஓர் ஆண் ஜோடி. அவர்களில் ஒருவரான ஹாம்ப்டன் கேட்லின், வலைத்தள வடிவமைப்பாளர்கள் தினமும் பயன்படுத்தும் 'சாஸ்' என்ற மொழியை உருவாக்கியவர். ஆக, ஒரு டெவலப்பரை எதிர்த்து நின்றவர் இன்னொரு டெவலப்பர்.

அவர்களுக்கு இது வெறும் கொள்கைச் சண்டை இல்லை. கேட்லினின் கணவர் பிரிட்டன் குடிமகன். கணவன்-மனைவி ஜோடியாக இருந்தால் ஒருவர் இன்னொருவருக்கு விசா பெற்றுத் தரலாம். ஆனால் தன்பாலினத் திருமணத்தை அமெரிக்க மத்திய அரசு ஏற்காத வரை அந்த வழி அவர்களுக்கு இல்லை. 2013 ஜூன் 26-ம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் இரண்டு தீர்ப்பு சொன்னது. ஒன்று, மத்திய அரசின் அந்தத் தடையை நீக்கியது. இன்னொன்று, புரொபொசிஷன் 8 செல்லாது என்று ஏற்கெனவே கீழ் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு நிலைக்க வழிவிட்டது. அதன் பிறகுதான் அவர்கள் அமெரிக்காவில் ஒன்றாகத் தொழில் தொடங்க முடிந்தது. அப்படி வந்தவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால், 2008-ல் போன அந்த 1,000 டாலர் பழைய கதை இல்லை.

அடுத்த சில நாட்களில் மோசில்லா ஊழியர்கள் சிலரே ட்விட்டரில் வெளிப்படையாக, "ஐக் விலக வேண்டும்" என்று எழுதினார்கள். சொந்த சிஇஓ-வைப் பெயர் சொல்லி விலகச் சொல்வது எந்த கம்பெனியில் நடக்கும்? மோசில்லாவில் நடந்தது. யாரையும் அதற்காக வேலையை விட்டு எடுக்கவில்லை. அதே நேரத்தில், தன்பாலின ஈர்ப்பாளர்களான ஊழியர்களிலேயே சிலர், "அவரோடு வேலை செய்திருக்கிறோம், எங்களிடம் ஒருநாளும் வேறுபாடு காட்டியதில்லை" என்று ஆதரவாக எழுதினார்கள்.

இயக்குநர் குழுவிலிருந்து மூன்று பேர் விலகிய செய்தியும் அப்போதுதான் வந்தது. ஐக் நியமனம்தான் காரணம் என்று செய்திகள் பரவின. மூவரும் வெவ்வேறு காரணங்களுக்காகப் போனார்கள், இருவர் முன்பே விலகத் திட்டமிட்டிருந்தார்கள் என்று மோசில்லா விளக்கம் கொடுத்தது. யார் கேட்டார்கள்? நெருப்பு அதற்குள் பரவிவிட்டது.

மன்னிப்புக் கேட்டாரா?

இதுதான் திருப்புமுனை என்று சொல்லலாம். மார்ச் 26-ம் தேதி ஐக் ஒரு பதிவு எழுதினார். மோசில்லாவில் எல்லாரையும் சமமாக நடத்துவேன், தன்பாலின ஈர்ப்பாளர் ஊழியர்களுக்கு இருக்கும் மருத்துவக் காப்பீடு உள்ளிட்ட சலுகைகள் தொடரும், என்னால் ஏற்பட்ட வலிக்கு வருந்துகிறேன் என்றெல்லாம் அதில் இருந்தது. ஒன்று மட்டும் இல்லை. நன்கொடை கொடுத்தது தவறு என்று அவர் சொல்லவில்லை. கருத்து மாறிவிட்டது என்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 1-ம் தேதி கார்டியன், சிநெட் ஆகிய ஊடகங்களுக்குப் பேட்டி கொடுத்தார். மறுபடி அதே நிலைப்பாடு. என் சொந்த நம்பிக்கைகளை 15 வருடமாக மோசில்லாவுக்குள் கொண்டு வந்ததில்லை, இப்போதும் பேச மாட்டேன் என்றார். இந்தோனேசியா போன்ற நாடுகளில் உள்ள மோசில்லா ஆதரவாளர்கள் வேறு கருத்து கொண்டவர்களாக இருக்கலாம், எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் இடமாக மோசில்லா இருக்கணும் என்பது அவர் வாதம்.

இதை இரண்டு விதமாகவும் படிக்கலாம். கொள்கைப் பிடிப்பு என்று படிக்கலாம்: பதவிக்காகப் பொய்யாக "மனசு மாறிட்டேன்" என்று சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லவில்லை. இன்னொரு பக்கம், "நீங்கள் எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்" என்று உடன் வேலை செய்பவர்கள் நேருக்கு நேர் கேட்கும்போது, அது என் சொந்த விஷயம் என்று தலைவர் சொல்வது பதிலாகுமா? மற்றவர்களின் திருமணத்தைப் பொது ஓட்டுக்கு விடப் பணம் கொடுத்தவர், தன் கருத்து மட்டும் அந்தரங்கம் என்பது எனக்குக் கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது.

டேட்டிங் தளம் எப்படி உள்ளே வந்தது?

மார்ச் 31-ம் தேதி, ஓகேகியூபிட் என்ற பிரபல டேட்டிங் தளத்தைப் பயர்பாக்ஸில் திறந்தவர்களுக்கு வழக்கமான பக்கம் வரவில்லை. மோசில்லாவின் புது சிஇஓ தன்பாலின ஜோடிகளின் சம உரிமைக்கு எதிரானவர், ஆகவே வேறு பிரவுசரில் வாருங்கள் என்ற கோரிக்கை வந்தது. கீழே கூகுள் குரோம் உள்ளிட்ட மற்ற பிரவுசர்களுக்கான இணைப்புகள். வேண்டாம் என்பவர்கள் பயர்பாக்ஸிலேயே தொடரவும் வழி இருந்தது.

அதுவரை டெக் உலகத்துக்குள் இருந்த சண்டை அன்றைக்குத்தான் எல்லா டிவி சேனலுக்கும் வந்தது. சாதாரண மக்களும் கேட்கத் தொடங்கினார்கள்: யாருப்பா இந்த ஐக்?

இதில் ஒரு வேடிக்கை. ஐக்கை எதிர்த்து அந்தச் செய்தியைக் காட்டிய ஓகேகியூபிட் தளமே ஜாவாஸ்கிரிப்ட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது. "அவர் பிரவுசர் வேண்டாம், அவர் எழுதிய மொழி மட்டும் வேணுமா?" என்று டெவலப்பர்கள் கிண்டல் செய்தார்கள். இன்னொன்றும் சில நாட்களில் வெளிவந்தது. ஓகேகியூபிட்டின் இணை நிறுவனர் சாம் யாகன், 2004-ல் தன்பாலின திருமணத்தை எதிர்த்து வந்த ஒரு குடியரசுக் கட்சி எம்பி-க்கு 500 டாலர் நன்கொடை கொடுத்திருந்தார். இணையச் சட்டங்கள் தொடர்பான குழுவில் அந்த எம்பி இருந்ததால் கொடுத்தேன், அவரது மற்ற நிலைப்பாடுகள் தெரியாது என்று விளக்கம் சொன்னார். ஒரு வேட்பாளருக்குக் கொடுப்பதும், ஒரே ஒரு விஷயத்துக்காக நடக்கும் வாக்கெடுப்புக்குக் கொடுப்பதும் ஒன்றா என்று கேட்டால், ஒன்றில்லை. ஆனாலும் அடுத்தவர் நன்கொடைப் பட்டியலைத் தோண்டத் தொடங்கினால் தன் பெயரும் எங்காவது கிடைக்கும் என்பதை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ஐக்கின் பட்டியலும் மேலும் தோண்டப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் தீவிர வலதுசாரியான பாட் புக்கானனின் அதிபர் தேர்தல் பிரசாரத்துக்கு அவர் பணம் கொடுத்ததைக் கார்டியன் வெளியிட்டது.

ஏப்ரல் 2-ம் தேதி ஓகேகியூபிட் அந்தச் செய்தியை எடுத்துவிட்டது. மறுநாள் ஐக் விலகினார்.

வேலையை விட்டு நீக்கினார்களா, அவரே போனாரா?

மோசில்லா அதிகாரபூர்வமாகச் சொன்னது இது: ஐக்கை யாரும் நீக்கவில்லை, விலகச் சொல்லவும் இல்லை; அவரே முடிவெடுத்தார்; வேறொரு உயர் பதவியில் இருக்கும்படி குழு கேட்டுக்கொண்டது, அவர் மறுத்துவிட்டார். நிர்வாகத் தலைவர் மிட்செல் பேக்கர், மோசில்லா வேகமாகச் செயல்படாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டு எழுதினார். பேச்சுரிமையும் வேணும், சமத்துவமும் வேணும், இரண்டையும் ஒன்றாகத் தாங்கிப் பிடிப்பது கடினமாக இருக்கிறது என்ற பொருளில் அந்தக் குறிப்பு இருந்தது.

மிட்செல் பேக்கரும் ஐக்கும் மோசில்லாவின் தொடக்க காலம் தொட்டே ஒன்றாக வேலை செய்தவர்கள். 2012-ல் நன்கொடை பற்றித் தெரிந்தபோது தானே ஆச்சரியப்பட்டதாக அவர் எழுதியிருக்கிறார். அத்தனை வருடப் பழக்கத்தில் அப்படி ஒரு அறிகுறியையே பார்க்கவில்லையாம். இது ஐக்குக்குச் சாதகமான சாட்சிதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

"அமெரிக்காவில் பேச்சுரிமை இருக்கே, அப்புறம் எப்படி?" என்று பலர் கேட்பார்கள். அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசாங்கத்தை. கருத்து சொன்னதற்காக அரசு உங்களைச் சிறையில் போட முடியாது. ஆனால் தனியார் நிறுவனத்தையோ, வாடிக்கையாளர்களையோ அது கட்டுப்படுத்தாது. பிடிக்காதவரின் பொருளை வாங்க மாட்டேன் என்று சொல்வதும் அதே பேச்சுரிமைதான்.

கலிபோர்னியாவில் கூடுதலாக ஒரு பாதுகாப்பு உண்டு. ஊழியர்களின் அரசியல் செயல்பாட்டை வேலை பறிபோகும் என்று மிரட்டி முதலாளி கட்டுப்படுத்தக் கூடாது என்று மாகாணத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. 1930-களிலிருந்து இருக்கும் சட்டம் இது. ஐக் தானாக விலகினார் என்பதால் அவர் விஷயத்தில் இந்தச் சட்டம் நீதிமன்றத்தில் சோதிக்கப்படவே இல்லை. நிறுவனம் நீக்கியிருந்தால் வழக்கு எப்படிப் போயிருக்கும் என்று சட்டம் படித்தவர்கள் அப்போது நிறைய வாதாடினார்கள்.

எதிர்ப்புக்கு எதிர்ப்பு

அவர் விலகியதும் பிரச்சனை முடியவில்லை, திசை மாறியது. இப்போது மோசில்லா மீது கோபம் வலதுசாரிகளிடமிருந்து வந்தது. "பயர்பாக்ஸை நீக்குங்கள்" என்ற பிரசாரம். ஒரே வாரத்தில் இரு தரப்பாலும் புறக்கணிக்கப்பட்ட பிரவுசர் என்ற பெருமை பயர்பாக்ஸுக்குக் கிடைத்தது.

கவனிக்க வேண்டிய எதிர்ப்பு வேறொரு இடத்திலிருந்து வந்தது. தன்பாலின திருமணத்துக்காகப் பல வருடம் எழுதிப் போராடிய ஆண்ட்ரூ சல்லிவன், ஜோனதன் ராஷ் போன்றவர்கள், அவர்களே தன்பாலின ஈர்ப்பாளர்கள், "இது தவறு" என்றார்கள். அந்த ஏப்ரல் மாதத்திலேயே ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு, திருமண உரிமையும் வேணும், அதை எதிர்க்கும் கருத்துரிமையும் வேணும் என்று கூட்டறிக்கை வெளியிட்டார்கள். நாங்கள் சிறுபான்மையாக இருந்தபோது, எங்கள் கருத்துக்காக வேலையை இழக்கக் கூடாது என்று கேட்டோம். இப்போது காற்று எங்கள் பக்கம் அடிக்கும்போது அதையே மற்றவர்களுக்குச் செய்யலாமா? இதுதான் அவர்கள் வாதத்தின் உயிர்.

அதற்கு வந்த பதிலும் லேசானதில்லை. 70 லட்சம் பேர் புரொபொசிஷன் 8-க்கு ஓட்டுப் போட்டார்கள், அவர்களை யாரும் வேலையை விட்டு விரட்டவில்லை. மோசில்லாவிலேயே ஐக் தொழில்நுட்ப அதிகாரியாகத் தொடர்ந்தார். தலைமைப் பதவி யாருக்கும் பிறப்புரிமை இல்லை. தன்னார்வலர்களின் நம்பிக்கையைப் பெற முடியாதவர் தன்னார்வ அமைப்பின் தலைவராக இருக்க முடியாது.

போராட்டத்தைத் தொடங்கிய ஹாம்ப்டன் கேட்லின் கூடக் கொண்டாடவில்லை. இது இவ்வளவு பெரிதாகும் என்று நினைக்கவில்லை, இது வெற்றி மாதிரியே தோன்றவில்லை, ஒரு எளிய வார்த்தையைத்தான் அவரிடம் எதிர்பார்த்தோம் என்ற அர்த்தத்தில் வருத்தத்துடன் எழுதினார். புறக்கணிப்பைத் தொடங்குவது ஓர் ஆளின் கையில் இருக்கிறது. எங்கே நிறுத்துவது என்பது அவர் கையில் இல்லை.

இதே மாதிரி வேறு யாருக்கு நடந்தது?

2016-ல் ஓகுலஸ் விஆர் ஹெட்செட்டை உருவாக்கிய பால்மர் லக்கி, டிரம்ப் ஆதரவுக் குழு ஒன்றுக்கு 10,000 டாலர் கொடுத்தது தெரியவந்தது. இனி ஓகுலஸுக்கு கேம் செய்ய மாட்டோம் என்று சில டெவலப்பர்கள் அறிவித்தார்கள். 2017 மார்ச்சில் அவர் பேஸ்புக்கிலிருந்து வெளியேறினார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் கூகுள் இன்ஜினியர் ஜேம்ஸ் டமோர். தொழில்நுட்பத் துறையில் பெண்கள் குறைவாக இருப்பதற்கு ஆண்-பெண் உயிரியல் வேறுபாடும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று 10 பக்கக் குறிப்பு எழுதி அலுவலகத்துக்குள் சுற்றுக்கு விட்டார். அது வெளியே கசிந்தது. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சைதான் அப்போது கூகுள் சிஇஓ. விடுமுறையைப் பாதியில் முடித்துக்கொண்டு திரும்பினார். குறிப்பின் சில பகுதிகள் நிறுவன நடத்தை விதிகளை மீறுகின்றன என்று ஊழியர்களுக்குக் கடிதம் எழுதினார். டமோர் நீக்கப்பட்டார். அந்த நீக்கம் சட்டவிரோதம் இல்லை என்று அமெரிக்கத் தொழிலாளர் உறவு வாரியத்தின் வழக்கறிஞர் பிறகு கருத்து சொன்னார்.

மூன்றையும் ஒரே கட்டில் கட்டிப் பேசுவது சோஷியல் மீடியாவில் வழக்கம். ஆனால் டமோர் எழுதியது அலுவலகத்தில், அலுவலகத்தைப் பற்றி, சக ஊழியர்களைப் பற்றி. ஐக்கும் லக்கியும் செய்தது அலுவலகத்துக்கு வெளியே, சொந்தப் பணத்தில். லக்கியும் டமோரும் பதவி உயர்வு ஏதும் கேட்டு நிற்கவில்லை. ஐக் சிஇஓ நாற்காலியில் உட்கார்ந்தார்.

இப்போது அவர் எங்கே?

2015-ல் பிரையன் பாண்டியுடன் சேர்ந்து பிரேவ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். விளம்பரங்களையும், நம்மைப் பின்தொடரும் டிராக்கர்களையும் தடுக்கும் பிரவுசர் அது. உங்களில் சிலர் போனில் வைத்திருக்கலாம். 2017 மே மாதம் அதன் டிஜிட்டல் நாணயத்தை விற்பனைக்கு விட்டபோது, சுமார் 30 விநாடிகளில் 3.5 கோடி டாலர் திரண்டது. ஆக, ஐக்கின் தொழில் வாழ்க்கை முடிந்துபோனது என்று சொல்ல முடியாது. ஆனால் தான் சேர்ந்து உருவாக்கிய மோசில்லாவுக்கு அவர் திரும்பவில்லை.

மோசில்லாவுக்கு 2014 ஏப்ரலில் கிறிஸ் பியர்ட் இடைக்காலத் தலைவராக வந்து, ஜூலையில் முழு சிஇஓ ஆனார். அதன் பிறகு பயர்பாக்ஸின் சந்தைப் பங்கு சரிந்துகொண்டே போனது. "ஐக்கை அனுப்பியதன் சாபம்" என்று இணையத்தில் இன்றும் எழுதுகிறார்கள். அவர் இருந்தபோதே குரோம் பயர்பாக்ஸை முந்திவிட்டது. ஆண்ட்ராய்டு போன்களில் குரோம் முன்பே பதிந்து வருவதை எந்த சிஇஓ-வாலும் தடுத்திருக்க முடியுமா என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

2015 ஜூன் 26-ம் தேதி அமெரிக்கா முழுவதும் தன்பாலின திருமணத்தை உச்ச நீதிமன்றம் சட்டபூர்வமாக்கியது. கலிபோர்னியா அரசியல் சட்டத்தில் மட்டும் 2008-ல் ஏறிய அந்த ஒரு வரி, செல்லாக் காசாக அப்படியே கிடந்தது. 2024 நவம்பரில் அதை நீக்குவதற்காக மறுபடியும் ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். இந்த முறை 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் நீக்கச் சொல்லி ஓட்டுப் போட்டார்கள்.